பாதுகாப்புக் கிடங்கு எண் ஒன்று

கண்டக்டர் தம் வாழ்நாளில் செய்த பெரிய தவறு, ஒரு கார்ட்லெஸ் போனோடு கொடுத்த கையேட்டைக் கடைசிப் பக்கம்வரை படித்ததுதான். உலகத்தில் யாருமே படிக்காத பக்கம் அது. அச்சடித்தவராவது படித்திருப்பாரா என்பது சந்தேகம். மற்றவர்களெல்லாம் எந்தப் பொத்தானை அழுத்தினால் பேசலாம் என்று மட்டும் பார்த்துவிட்டு, கையேட்டை நாலாக மடித்து ஆடுகிற மேசைக்காலுக்கு அண்டக்கொடுத்துவிடுவார்கள். கண்டக்டர் வீட்டு மேசையும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அவர் படித்தார்.

பஸ்ஸிலிருந்து ஓய்வு பெற்று வருஷக்கணக்காகியும் தெருவில் அவருக்குக் கண்டக்டர் என்றுதான் பெயர். விதி என்றால் அவருக்கு உயிர். படியில் நின்ற குற்றத்துக்காகச் சொந்த மைத்துனரையே பாதி வழியில் இறக்கிவிட்டவர். மைத்துனர் அன்றிலிருந்து பேசுவதில்லை. “ரூல்னா ரூல்தான்” என்று கண்டக்டரும் சமாதானத்துக்குப் போகவில்லை.

அந்த கார்ட்லெஸ்ஸை அவர் வாங்கியது மனைவிக்காக. அந்த அம்மாளுக்குத் தன் அக்காவிடம் பேச வேண்டும். பேசும்போதே அடுப்பையும் பார்க்க வேண்டும், துணியையும் காயப்போட வேண்டும். கம்பி வைத்த போனில் அது முடியாது. ஆகவே பல வருஷமாக அந்த கார்ட்லெஸ் அவள் தோளுக்கும் காதுக்கும் நடுவில்தான் குடியிருந்தது. ஒரு நாள் காலை அக்காவின் மருமகளைப் பற்றிய முக்கியமான கட்டத்தில் அது திடீரென்று சுட்டது. “ஐயோ!” என்று உதறினாள். கீழே விழுந்ததைக் கண்டக்டர் எடுத்துப் பார்த்தால், உள்ளே பேட்டரி உப்பி, பின்மூடி தவளைத் தொண்டை மாதிரி புடைத்துக்கொண்டு நின்றது. ஒரு மாதிரி நாற்றம் வேறு.

கண்டக்டர் கையேட்டை எடுத்தார். பேட்டரி உப்பினால் சார்ஜில் போடாதீர்கள். திறக்காதீர்கள். குத்தாதீர்கள். வெயிலில் வைக்காதீர்கள். ஈரத்தில் வைக்காதீர்கள். நெருப்பின் அருகே வைக்காதீர்கள். குப்பையில் போடாதீர்கள். உரிய இடத்தில் ஒப்படைக்கும்வரை மணலில் வைத்திருங்கள்.

ஒரு இரும்பு வாளியில் மணலை நிரப்பி, போனை அதில் படுக்கவைத்துவிட்டு, வாளியை எங்கே வைப்பது என்று பார்த்தார். மொட்டைமாடியில் வெயில். குளியலறையில் ஈரம். சமையலறையில் நெருப்பு. மீதி இருப்பது வாசல் பக்க அறையும் படுக்கையறையும். வாசல் பக்க அறையில் மத்தியானம் ஜன்னல் வழியாக வெயில் விழும். ஆக, அந்த வீட்டிலேயே கையேட்டுக்கு ஒத்துவருகிற ஒரே இடம் அந்தச் சின்னப் படுக்கையறை. மகளுக்கும் அவளுக்குப் புதிதாகப் பிறந்த குழந்தைக்கும் என்று வெள்ளையடித்து, தொட்டில் போட்டு வைத்திருந்த அறை. வாளியைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மனைவி வந்து பார்த்தாள்.

“என்னங்க இது?”

“கையேட்டுல அப்படித்தான் போட்டிருக்கு.”

“கையேட்டுல தொட்டிலுக்குப் பக்கத்துல வைன்னு போட்டிருக்கா?”

“வைக்காதேன்னு போடலை.”

அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். அது நல்ல சகுனமில்லை என்று கண்டக்டருக்குத் தெரியும். “ஞாயித்துக்கிழமை பொண்ணு வரா. அந்தச் சனியன் வெளியே போனாத்தான் என் பேத்தி உள்ளே வருவா. இல்லேன்னா அவங்க வர்ற வண்டியிலேயே நானும் ஏறிக்கிட்டு அவ வீட்டுக்குப் போயிடறேன். நீங்க உங்க போனைக் கட்டிக்கிட்டு அழுங்க.”

கண்டக்டர் பேத்தியை இன்னும் பார்க்கவில்லை. மகள் இருப்பது தொலைதூர ஊர். பிறந்த செய்தி வந்ததே அந்த கார்ட்லெஸ்ஸில்தான். குழந்தை அழுகிற சத்தத்தை மாப்பிள்ளை போன் வழியாகக் கேட்கவைத்தார். அதைக் கேட்ட நாள் முதல் அந்த மனுஷர் தனியாக உட்கார்ந்து காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தையைக் கையில் வாங்க வேண்டும்; அதற்குமேல் அவருக்கு ஆசை என்று ஒன்றும் இல்லை.

குப்பை வண்டிக்கார அம்மா வாளியை எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள். “பேட்டரி சாமானைத் தொட்டா எனக்கு வேலை போயிடும் அண்ணே. இதுக்குன்னே வாரியம் இருக்கே, அங்க குடுங்க.” பக்கத்து வீட்டுத் தையற்காரருக்கு இதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை. “வாய்க்கால்ல விட்டெறிஞ்சிட்டுப் போவீங்களா!” என்றார். அவருடைய பழைய போன், இஸ்திரிப் பெட்டி, ஒரு மிக்ஸி எல்லாம் அங்கேதான் போயிருந்தன.

“வாரியம்னு ஒண்ணு எதுக்கு வச்சிருக்காங்க?” என்றார் கண்டக்டர்.

“அதைத்தான் நானும் கேக்கறேன்” என்றார் தையற்காரர்.

கம்பியில்லாத் தொலைபேசிகளின் பாதுகாப்பான பயன்பாடு மற்றும் பாதுகாப்பான அகற்றல் வாரியம் என்பது அதன் முழுப்பெயர். பெயர்ப்பலகைக்கு இடம் போதாமல் பக்கத்துக் கட்டடத்தின் சுவரையும் கொஞ்சம் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கண்டக்டர் வாளியோடு நடந்தே போனார். பஸ்ஸில் போகலாம்தான்; ஆனால் ஆபத்தான பொருளோடு பஸ்ஸில் ஏறக்கூடாது என்று விதி. எத்தனையோ பேரை அந்த விதியைக் காட்டி அவரே இறக்கிவிட்டிருக்கிறார்.

வாசலில் காவலாளி நிறுத்தினார். “என்ன அது?”

“உப்பிப்போன போனுங்க. ஒப்படைக்க வந்திருக்கேன்.”

“ஆபத்தானதா?”

“ஆமாங்க.”

“ஆபத்தான பொருளை உள்ளே விடமாட்டோம். பாதுகாப்பு வாரியம் ஐயா இது!”

கண்டக்டர் யோசித்தார். “அவ்வளவு ஆபத்தில்லைன்னு வச்சுக்குங்களேன்.”

“ஆபத்தில்லைன்னா இங்க எதுக்குக் கொண்டாறீங்க? வீட்டுலயே வச்சுக்க வேண்டியதுதானே?”

இரண்டுமே நியாயமாகத்தான் பட்டது. கண்டக்டர் வாளியைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கிவந்து, தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். மனைவி பெட்டியை எடுத்துத் துடைத்து, தன் புடவைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் வெறுங்கையோடு போனார். உள்ளே விட்டார்கள். கூடத்தில் ஒவ்வொரு புது ஆள் நுழையும்போதும் எல்லா ஊழியர்களும் எழுந்து நின்று பாதுகாப்பு உறுதிமொழி எடுக்க வேண்டும் என்பது வாரியத்தின் வழக்கம். கூட்டம் வந்துகொண்டே இருந்ததால் யாரும் உட்காரவே முடியவில்லை. வேலை நடக்காததற்குக் கண்டக்டருக்கு அங்கேயே காரணம் புரிந்தது. கண்காணிப்பாளர் அறையில் மேசைமேல் ஒரு கடுதாசிகூட இல்லை. கடுதாசி தீப்பிடிக்கும். அவர் தலைக்கவசம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“போன் செத்துப்போச்சுங்கிறதுக்கு என்ன ஆதாரம்?”

“காதுல வச்சா சத்தம் வரலைங்க.”

“காது நல்லா இருக்குங்கிறதுக்கு?”

“நீங்க பேசறது கேக்குதுங்களே.”

கண்காணிப்பாளர் இந்தப் பதிலை மெச்சவில்லை. நம்பரைக் கேட்டு, தம் மேசை போனிலிருந்து அழைத்தார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். பிறகு முகம் மலர்ந்து, “மணி போகுதே! உயிரோடதான் இருக்கு” என்றார்.

“லைன் உயிரோட இருக்குங்க. போன்தான்...”

“யாரும் எடுக்கலை, அவ்வளவுதான். எடுக்காததெல்லாம் செத்ததுன்னா என் மச்சினன் எப்பவோ செத்திருக்கணும். இதோ பாருங்க, நடைமுறை ரொம்பச் சுலபம். நான் அந்த நம்பருக்குப் போன் பண்ணுவேன். வீட்டுல இருக்கிறவங்க அந்த போனையே எடுத்து, ‘இது வேலை செய்யலை’ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். நான் குறிச்சுக்குவேன்.”

“வேலை செய்யாத போன்ல எப்படிங்க சொல்றது?”

“அதனாலதான் இதுவரைக்கும் யாராலயும் பொய் சொல்லி எங்களை ஏமாத்த முடியலை” என்றார் கண்காணிப்பாளர், பெருமையாக.

ஆனாலும் இரக்க சுபாவம் உள்ளவர். மாற்று வழி ஒன்று இருப்பதாகச் சொன்னார். பாதுகாப்பாகப் பயன்படுத்தத் தெரிந்தவருக்குத்தான் பாதுகாப்பாக அகற்றவும் தெரியும். ஆகவே பயன்பாட்டுப் பயிற்சியில் தேறினால், போனின் சாட்சி இல்லாமலே மேலே அனுப்பலாம்.

“பதினஞ்சு வருஷமா அதுலதான் பேசறோம்” என்றார் கண்டக்டர்.

“பயிற்சி இல்லாமலா?” என்று கண்காணிப்பாளர் அதிர்ந்துபோனார்.

பயிற்சி வகுப்பை ஒரு அம்மா நடத்தினார். நிஜ போன் ஆபத்து என்பதால் மரத்தில் செய்த போன்கள். எந்தப் பக்கம் காது, எந்தப் பக்கம் வாய் என்பது முற்பகல் முழுவதும் நடந்தது. பிற்பகலில் செய்முறைத் தேர்வு. கண்டக்டருக்குப் பக்கத்தில் ஒரு பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். இதற்கு முன் பலமுறை தோற்றவர். பேசும்போது சுவரில் சாய்ந்துவிடுகிறார் என்பதுதான் அவர்மேல் புகார்.

“இடி இடிக்கும்போது பேசக் கூடாது. இடி சத்தம் கேட்டதும் என்ன செய்யறீங்கன்னு பாக்கறேன்” என்ற பயிற்றுநர் அம்மா, எதிர்பாராத நேரத்தில் ஒரு தகரத் தட்டைக் கரண்டியால் ஓங்கி அடித்தார். கண்டக்டர் பதறி மர போனைக் கீழே போட்டார். அது இரண்டாகப் பிளந்தது.

“சரியான செயல். பேச்சை உடனே நிறுத்திட்டீங்க” என்று அம்மா மதிப்பெண் போட்டார். “ஆனா ‘வச்சிடறேன்’னு சொல்லலை. மரியாதைக்கு அரை மார்க் குறைச்சிருக்கேன்.” பிளந்த மர போனை என்ன செய்வது என்று கண்டக்டர் கேட்டதற்கு, அதை அகற்றத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்றார். பல் டாக்டர் இந்த முறையும் சாய்ந்துவிட்டார்.

‘பாதுகாப்பான பயன்பாட்டாளர்’ என்று தங்க எழுத்தில் போட்ட சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்டக்டர் கண்காணிப்பாளர் அறைக்கு ஓடினார். கண்காணிப்பாளர் அதை ஏந்திப் பார்த்தார். அவர் நெற்றி சுருங்கியது.

“நீங்க பாதுகாப்பான பயன்பாட்டாளர்.”

“ஆமாங்க.”

“பாதுகாப்பா பயன்படுத்தறவர் வீட்டு போன் உப்பாதே?”

“நான்... பாதுகாப்பா ஆகறதுக்கு முன்னாடியே உப்பிடுச்சுங்க.”

“அப்ப ஆபத்தா பயன்படுத்தியிருக்கீங்க. சான்றிதழைத் திருப்பி வாங்கணுமே?” கண்காணிப்பாளர் உண்மையிலேயே குழம்பிப்போனார். இப்படி ஒரு கட்டம்வரை இதற்கு முன் யாருமே வந்ததில்லை. பாதி வழியிலேயே எல்லாரும் வாய்க்கால் பக்கம் போய்விடுவார்கள். வேறு வழியில்லாமல் கண்டக்டரை இயக்குநரிடமே அழைத்துப்போனார்.

இயக்குநர் அகலமான மனிதர். அறை முழுக்கக் கேடயங்கள். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“ஐயா, உக்காருங்க. இந்தக் கேடயமெல்லாம் பாத்தீங்களா? வாரியம் தொடங்கின நாள்லருந்து இங்க ஒரு விபத்து உண்டா? ஒரு தீ உண்டா? ஒரு பொறி? கிடையாது! வெளிநாட்டுலருந்து வந்து பாத்துட்டு அசந்துபோனாங்க. எப்படிச் சாதிச்சீங்கன்னு கேட்டாங்க. ரொம்ப எளிமைன்னேன். இதுவரைக்கும் ஒரு போனைக்கூட நாங்க உள்ளே வாங்கினதில்லை.”

“அப்ப இதை...”

“இதுதான் முதல் போன்!” இயக்குநரின் கண்கள் கலங்கின. “எத்தனை பேர் எங்களைக் கேலி பண்ணினாங்க! அந்த வாரியத்துக்கு என்னய்யா வேலைன்னு கேட்டாங்க. வேலை இல்லாமயா இத்தனை பேருக்குச் சம்பளம் குடுக்கறோம்? ஞாயித்துக்கிழமை நானே உங்க வீட்டுக்கு வரேன். உங்க பிரச்சினையை நேர்லயே முடிச்சுவைக்கிறேன்.”

கண்டக்டர் காற்றில் நடக்கிற மாதிரி வீடு வந்தார். “பாத்தியா? விதிப்படி போனா எல்லாம் நடக்கும். டைரக்டரே வரார்” என்றார். மனைவி அரைமனதாகப் பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். புடவைகளை வெளியே எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தெரு அடைத்துப்போயிற்று. இயக்குநரின் பெரிய கார், ஊழியர்கள் வந்த வேன், ஒலிபெருக்கி, பூமாலை, புகைப்படக்காரர். எல்லாருக்கும் தலைக்கவசம். படுக்கையறை வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். தையற்காரரிடம் கத்தரிக்கோல் இரவல் வாங்கினார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு போவதற்கு எதற்கு ரிப்பன் என்று மனைவி கேட்டாள். “பெரிய ஆபீஸ், அப்படித்தான் இருக்கும்” என்றார் கண்டக்டர். இயக்குநர் வாசலில் நின்று ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“பெருமக்களே! உப்பிய போனைக் கிடங்கில்தான் வைக்க வேண்டும் என்கிறது விதி. கிடங்கு எங்கே என்று கேட்டார்கள் எதிரிகள். பயிற்சி பெற்ற வாகனத்தில்தான் கொண்டுசெல்ல வேண்டும் என்கிறது விதி. வாகனம் எங்கே என்று கேட்டார்கள். நான் ராப்பகலாகச் சிந்தித்தேன். போனைக் கிடங்குக்குக் கொண்டுபோனால்தானே வாகனம் வேண்டும்? கிடங்கைப் போனிடம் கொண்டுவந்துவிட்டால்? இன்று முதல், பொருள் எங்கே இருக்கிறதோ அதுவே கிடங்கு! இந்த வீட்டைப் பாதுகாப்புக் கிடங்கு எண் ஒன்று என அறிவிப்பதில் பெருமையடைகிறேன்!”

ஊழியர்கள் கைதட்டினார்கள். இரண்டு பேர் சுத்தியலோடு வந்து, கண்டக்டர் வீட்டுக் கதவில் பலகை ஒன்றை அடித்தார்கள். கிடங்கின் பெயருக்குக் கீழே, ‘இங்கு எவரும் வசிக்கக் கூடாது, குழந்தைகளுக்கு அறவே அனுமதி இல்லை’ என்று சிவப்பில் எழுதியிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் வாடகை வண்டி வந்து நின்றது. மகள் இறங்கினாள். தோளில் துணி சுற்றிய குழந்தை. கூட்டத்தைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வெளிறிவிட்டது. “அம்மா, அப்பாவுக்கு என்னாச்சு?” என்றாள்.

“உங்கப்பாவுக்கு என்ன கேடு? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டு நிக்கிறார்” என்ற மனைவி, நேரே இயக்குநரிடம் போனாள். “ஐயா, இது நாங்க குடியிருக்கிற வீடு. எங்களை வெளியே போகச் சொன்னா எங்க போறது?”

“உங்களைப் போகச் சொல்ல எங்களுக்கு அதிகாரமே கிடையாதும்மா. எங்க அதிகாரமெல்லாம் போன் மேலதான்.”

“அப்ப இந்தப் பலகை?”

“போகணும்னு அதுல எங்க இருக்கு? இருக்கக் கூடாதுன்னுதான் இருக்கு.”

கண்டக்டர் இதெல்லாம் எதுவும் காதில் விழாமல் மகளைப் பார்த்து நடந்தார். குழந்தை விழித்துக்கொண்டு அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. கையை நீட்டினார். கண்காணிப்பாளர் குறுக்கே வந்து தடுத்தார்.

“கிடங்குப் பொறுப்பாளர் குழந்தையைத் தொடக் கூடாது. மணல் வாளியைத் தூக்கின கை.”

“யாரு பொறுப்பாளர்?”

“நீங்கதான். சான்றிதழ் வாங்கினவர் நீங்க ஒருத்தர்தானே?”

நீட்டிய கை அப்படியே நின்றது. எத்தனையோ பேரை நடுவழியில் இறக்கிவிட்ட மனிதர். இறங்கி நின்றவர்கள் தன்னை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. மைத்துனரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அதைவிட முதலில் கோபம் வந்தது. அவருக்கே புதிதாக இருந்த கோபம். குரலை மட்டும் உயர்த்தவில்லை.

“ஐயா, பொருள் எங்க இருக்கோ அதுதான் கிடங்கு. சரிங்களா?”

“நூத்துக்கு நூறு” என்றார் இயக்குநர்.

“பொருள் இல்லாத இடம்?”

“அது சும்மா வீடு.”

கண்டக்டர் உள்ளே போனார். ரிப்பனுக்கு அடியில் குனிந்து நுழைந்து, வாளியோடு வெளியே வந்தார். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. “நகர்த்தக் கூடாது! பயிற்சி வேணும்!” என்று கண்காணிப்பாளர் தையற்காரர் வீட்டுத் திண்ணையில் ஏறி நின்றுகொண்டு கத்தினார். “நான் பாதுகாப்பான பயன்பாட்டாளர்” என்றார் கண்டக்டர், நிற்காமல். இயக்குநரின் கார்க் கதவைத் திறந்தார். பின்சீட்டில் வாளியை வைத்தார். அது சாயாமல் இருக்க சீட் பெல்ட்டை மாட்டினார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, தம் வீட்டுக் கதவிலிருந்து பலகையை இரண்டு கையாலும் பிடுங்கிவந்து காரின் முன்கண்ணாடியில் சாய்த்துவைத்தார். பிறகு காரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, “போலாம், ரைட்!” என்றார்.

போவதற்கு ஆள் இல்லை. டிரைவர் தெருக்கோடியில் நின்றிருந்தார். தலைக்கவசங்கள் எல்லாம் அவருக்கும் பின்னால் நின்றன. கிடங்கை நகர்த்தலாமா என்று கண்காணிப்பாளர் விதியைத் தேடிக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பேத்தியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மனைவி கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, புடவைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினாள். குழந்தை தாத்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போயிற்று. அவர் விரலை எடுக்கவே இல்லை.

வெயில் ஏறிய பிறகு வாசலில் யாரோ தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார்கள். இயக்குநர். மாலை வாடியிருந்தது, தலைக்கவசத்துக்குள்ளிருந்து வியர்வை வழிந்தது.

“ஐயா, ஒரு உதவி. எங்க வேனும் போயிடுச்சு. என் கைப்பேசி காருக்குள்ள மாட்டிக்கிச்சு. வேற வண்டி வரச்சொல்லணும். உங்க வீட்டுல ஒரு போன் பண்ணிக்கலாமா?”

“பண்ணலாம்தான்” என்றார் கண்டக்டர், குழந்தை எழுந்துவிடாமல் தணிந்த குரலில். “எங்க வீட்டு போன் உங்க கார்லதாங்க இருக்கு.”